தொடக்கப் பள்ளி மாணவர் வருகை: சராசரியும் தனிநிலையும்

தொடக்கப் பள்ளிகளில் சேர்க்கையும் தொடர் வருகையும் ஒன்றல்ல. 40 மாணவர் பயிலும் பள்ளியொன்றில் மாத வருகை 90 விழுக்காடு எனக் கொள்வோம். ஒவ்வொருவரும் பத்து நாளுக்கு ஒருநாள் வராதிருப்பினும் அவ்வெண் கிடைக்கும். நால்வர் மட்டும் மாதம் முழுவதும் வராதிருப்பினும் அதே எண்ணே கிடைக்கும். இவ்விரு நிலைகளுக்கும் தீர்வு வெவ்வேறாகும்.

இடையிடையே வராமைக்குக் காலைப் பசி ஒரு காரணம். 1956இல் காமராசர் ஆட்சியில் தொடங்கிய மதிய உணவுத் திட்டம் நண்பகல் பசியைத் தணித்தது. 15.09.2022 அன்று மதுரையில் தொடங்கப்பெற்ற முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், வகுப்பு தொடங்குமுன்னரே குழந்தையைப் பள்ளிக்கு ஈர்க்கிறது. ஆயின், பெற்றோருடன் செங்கற்சூளைக்கோ கரும்பு வெட்டுக்கோ சென்ற குழந்தைக்கு ஊர்ப்பள்ளியின் உணவு எட்டாது. அக்குழந்தைக்குச் சென்ற இடத்துப் பள்ளியில் உடனடிச் சேர்க்கையோ, ஊரிலேயே தங்கிப் பயில உறைவிட வசதியோ தேவை.

எனவே, தலைமையாசிரியர் விழுக்காட்டைக் கணக்கிடுவதோடு அமையாது, தொடர்ந்து வராதோரின் பெயரையும் காரணத்தையும் தனியே குறித்தல் வேண்டும். ஆண்டுதோறும் இக்குறிப்பு பேணப்படின், எக்குடும்பம் எம்மாதத்தில் இடம்பெயரும் என்பதை முன்னறிந்து, பள்ளி மேலாண்மைக் குழுவின் துணையுடன் மாற்று ஏற்பாடு செய்ய இயலும்.