வாக்குச் சீட்டும் ஆலைச் சங்கும்

1949 செப்டம்பர் 18 அன்று இராயபுரம் ராபின்சன் பூங்காவில் மழைக்கு நடுவே தி.மு.க.வின் முதல் பொதுக்கூட்டம் நடந்தது. அரசியலமைப்புச் சட்டம் ஏற்கப்பட இன்னும் இரண்டு மாதம் இருந்தது. நாடு குடியரசாக நான்கு மாதம். அந்த மழையில் நனைந்தபடி நின்ற கூட்டத்தில் பலருக்கு அதுவரை ஓட்டு கிடையாது. 1935-ஆம் ஆண்டுச் சட்டப்படி சொத்து இருக்க வேண்டும், இல்லையென்றால் வரி கட்டியிருக்க வேண்டும், அதுவும் இல்லையென்றால் படிப்பாவது இருக்க வேண்டும். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவரிடமும் காசிமேட்டில் கட்டுமரம் தள்ளியவரிடமும் இவற்றில் எது இருந்திருக்கும்?

1952 தேர்தலில் அந்த நிலை மாறியது. இருபத்தொரு வயது நிரம்பிய ஆணும் பெண்ணும், கப்பல் ஏஜெண்டும் கலாசியும், ஒரே வரிசையில் நின்றார்கள். இன்று அந்த வயது பதினெட்டு. 1989 முதல் அப்படி. வரிசையில் நிற்பதில் இப்போது யாருக்கும் வியப்பில்லை.

நமக்கு முந்திக் குடியரசான அமெரிக்காவை இங்கே பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 1789-இல் வாஷிங்டன் பதவியேற்றபோது பெரும்பாலான மாநிலங்களில் நிலமோ சொத்தோ வரி கட்டிய சான்றோ உள்ள ஆணுக்குத்தான் வாக்கு. சொத்துத் தகுதி விலகி வெள்ளை ஆண்களில் பெரும்பாலோர் வாக்களிக்க ஏறத்தாழ நாற்பது, ஐம்பது ஆண்டுகள் ஆயின. பெண்களுக்கு நாடு முழுவதும் அந்த உரிமை வந்தது 1920-இல். கறுப்பின ஆண்களுக்கு 1870-இல் எழுத்தில் வந்தது, தென் மாநிலங்களில் கைக்கு வந்தது 1965-க்குப் பிறகு. சொந்தப் பட்டறையில் உழைத்த கைவினைஞர் கூலிக்கு வேலை செய்பவராக மாறியதும், லோவெல் நகரத்துப் பஞ்சாலைகளுக்குக் கிராமத்துப் பெண்கள் வந்து சேர்ந்ததும் அந்த முதல் அரை நூற்றாண்டில்தான். அங்கே ஓட்டும் ஆலையும் நிதானமாக, ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு வந்தன. வடசென்னைக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே பத்தாண்டில் வந்து இறங்கின.

ஆலை இங்கே புதிதல்ல. பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்கள் 1918-லேயே சென்னைத் தொழிலாளர் சங்கத்தைக் கண்டவர்கள். மீனவர் குடும்பத்தில் பிறந்த சிங்காரவேலர் 1923-இல் சென்னைக் கடற்கரையில் மே நாளைக் கொண்டாடிவிட்டார். ஆனால் எண்ணூர் நெடுஞ்சாலையின் இருபுறமும் மதில்கள் வரிசையாக எழுந்தது சுதந்திரத்தை ஒட்டியும் அதற்குப் பின்னும். 1946-இல் மாமன் மாப்பிள்ளை என்பவர் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்தார். அதிலிருந்து வளர்ந்த எம்.ஆர்.எஃப். 1961-இல் அதே ஊரில் டயர் ஆலை வைத்தது. 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பாகம் சேர்த்து உருவாக்கியது; 1955-இல் அசோக் லேலண்ட் ஆகி லாரி, பஸ் பக்கம் திரும்பியது. அதே 1955-இல் என்பீல்டு இந்தியா திருவொற்றியூருக்கு வந்தது. 1969-இல் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, 1970-இல் எண்ணூர் அனல் மின் நிலையம்.

சங்கு ஊதினால் சைக்கிள்கள் சாலையை அடைத்துக்கொண்டு போன காலம் அது. பெண் பார்க்க வந்தால், "மாப்பிள்ளை எந்தக் கம்பெனி?" என்று கேட்பார்கள். கம்பெனி பெயரைச் சொன்னால் போதும்: பி.எஃப்., போனஸ், கேன்டீன் சாப்பாடு, அப்பா ஓய்வு பெற்றால் மகனுக்கு வேலை என்ற நம்பிக்கை, எல்லாம் அந்தப் பெயருக்குள் அடக்கம்.

துறைமுகத்துக் கதையும் இதே போக்குதான். முன்பு விடியற்காலையில் மேஸ்திரி கை காட்டியவனுக்கு அன்றைக்குக் கூலி, காட்டாதவன் வீடு திரும்ப வேண்டும். 1948-ஆம் ஆண்டு கப்பல்துறைத் தொழிலாளர் சட்டம் பெயர்ப் பதிவைக் கொண்டுவந்தது. கப்பல் வராத நாளுக்கும் ஏதோ ஒரு தொகை என்ற ஏற்பாடு வந்தது. கொக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு போன லோடுமேன் மாதச் சம்பளக்காரர் ஆனார். 1983-இல் சென்னைத் துறைமுகத்தில் கண்டெய்னர் முனையம் திறந்தது. ஒரு கேங் நாள் முழுதும் இறக்கிய சரக்கை இன்று கிரேன் ஒரு பெட்டியாகச் சில நிமிடங்களில் தூக்கி லாரியில் வைத்துவிடுகிறது. லாரிகள்தான் வெளியே வரிசையில் மணிக்கணக்காகக் காத்திருக்கின்றன, டிரைவர்கள் ஸ்டியரிங் மேல் தலை வைத்துத் தூங்கிக்கொண்டு.

இராயபுரம் பூங்காவில் தொடங்கிய கட்சி 1957-இல் 15 இடங்களும் 1962-இல் 50 இடங்களும் 1967-இல் 137 இடங்களும் பெற்று ஆட்சிக்கு வந்தது. வாஷிங்டன் 1796-இல் விடைபெறும்போது கட்சிகளே ஆபத்து என்று எச்சரித்தார். நான்கே ஆண்டில் அங்கே வாக்குச் சீட்டு ஒரு கட்சியை இறக்கி மற்றொன்றை ஏற்றியது. இங்கே அதற்குப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின, அதுவும் வாக்குச் சீட்டாலேயே. இதைச் சிறிய சாதனையாக நான் எண்ணவில்லை.

ஓட்டு நிலைத்தது. வேலை அப்படி நிலைக்கவில்லை. பின்னி ஆலை 1996-இல் மூடப்பட்டது. என்பீல்டின் பெரிய உற்பத்தி 2013 முதல் ஒரகடத்துக்கும் பிறகு வல்லம் வடகாலுக்கும் போய்விட்டது. இன்றும் மதில்களுக்குள் வேலை நடக்கிறது, ஆனால் பெண் வீட்டாரின் கேள்வி நீண்டுவிட்டது: "பர்மனன்டா, காண்ட்ராக்டா?" ஒரே யூனிபார்ம், ஒரே ஷிப்ட், பக்கத்துப் பக்கத்து மிஷின், சம்பளம் மட்டும் வேறு.

கிடைத்ததையும் சொல்லிவிட வேண்டும். மூட்டை சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று என்ஜினீயரிங் படிக்கிறார்கள். திருவொற்றியூர் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. 2021-இல் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை வந்தது. இராயபுரத்து வீடுகளின் மொட்டை மாடியில் காயப்போட்ட வெள்ளை வேட்டி கறுத்துப்போன காலமும் முடிந்தது. நிலக்கரியையும் இரும்புத் தாதுவையும் சென்னைத் துறைமுகம் கையாளக் கூடாது என்று உயர் நீதிமன்றம் சொல்லி, 2011 அக்டோபரில் அது நின்றது.

அந்த நிலக்கரி எங்கே போனது? 24 கிலோமீட்டர் வடக்கே, 2001-இல் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகத்துக்கு. எண்ணூரின் பழைய அனல் மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டாலும் அத்திப்பட்டு மின் நிலையங்களின் சாம்பல் கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்தில் படிகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் படகிலும் வலையிலும் ஒட்டிக்கொண்டது. ஆற்றில் இறால் பிடித்துப் பிழைத்த குப்பங்கள் அந்த மாதம் கரையிலேயே உட்கார்ந்திருந்தன. ஆலைகளுக்கு முதலில் நிலம் கொடுத்தவர்களும் அந்தக் குப்பங்களைச் சுற்றியிருந்தவர்கள்தான். அவர்களுக்கு நிரந்தர வேலை வருவதற்குள் நிரந்தர வேலை என்பதே அரிதாகிவிட்டது.

அடுத்த தேர்தலுக்கு இராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் வேட்பாளர்கள் வருவார்கள். சாலை, மெட்ரோ, குடிநீர் பற்றிக் கேளுங்கள். அதோடு, இந்தப் பகுதியின் ஒவ்வொரு ஆலையிலும் துறைமுகத்திலும் பர்மனன்ட் எத்தனை பேர், காண்ட்ராக்ட் எத்தனை பேர், அவர்களில் உள்ளூர்க் குப்பத்துக்காரர் எத்தனை பேர் என்ற கணக்கை ஆண்டுதோறும் வெளியிட வைப்பீர்களா என்றும் கேளுங்கள்.