பன்னிரண்டில் மிஞ்சியது இரண்டு

டி.வி. கோடிகளைத் தேடிப் பெரிய பல்கலைக்கழகங்கள் கூடாரம் மாறின. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் சிறிய ஊர் அணிகள் நடுத்தெருவுக்கு வந்தன.

வாஷிங்டன் மாநிலத்தின் கிழக்குக் கோடியில், கோதுமைக் குன்றுகளுக்கு நடுவே இருக்கிறது புல்மன். 2023 செப்டம்பர் 23 அன்று அந்தச் சிறு நகரத்தில் நடந்த அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகம் ஓரிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தை 38-35 என்று வென்றது. இரண்டும் அதுவரை அந்தப் பருவத்தில் தோற்காத அணிகள். இரண்டும் நாட்டின் முதல் 25 அணிகளின் பட்டியலில் இருந்தவை. ஆனால் ரசிகர்கள் அந்த ஆட்டத்துக்கு வைத்த பெயர் 'பேக்-2 சாம்பியன்ஷிப்'. காரணம், 'பேக்-12' என்ற 12 பல்கலைக்கழகக் கூட்டமைப்பில் அடுத்த ஆண்டுக்கு இருக்கப்போவது இந்த இரண்டு மட்டுமே என்பது அதற்குள் உறுதியாகியிருந்தது.

அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டு என்பது நம் கல்லூரி ஆண்டு விழாவின் ஓட்டப் பந்தயம் அல்ல. லட்சம் பேர் அமரும் ஸ்டேடியங்கள், கோடிகளில் சம்பளம் வாங்கும் பயிற்சியாளர்கள், நாடெங்கும் நேரடி ஒளிபரப்பு என்று அது தனி உலகம். பல்கலைக்கழகங்கள் 'கான்ஃபரன்ஸ்' எனப்படும் கூட்டமைப்புகளாகச் சேர்ந்து ஆடுகின்றன. ரஞ்சிக் கோப்பையில் முன்பு இருந்த தென் மண்டலம், வட மண்டலம் போன்றதுதான். ஒரு வித்தியாசம்: அங்கே மண்டலத்தை வகுத்துக் கொடுக்கும் வாரியம் எதுவும் கிடையாது. பல்கலைக்கழகங்கள் தாமாகவே சேரும், விரும்பினால் விலகும். ஒளிபரப்பு உரிமையைக் கூட்டாக விற்று வருமானத்தைப் பங்கிட்டுக்கொள்ளும்.

1984 வரை ஒளிபரப்பு உரிமை தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ.வின் பிடியில் இருந்தது. ஒரு அணி எத்தனை முறை டி.வி.யில் வரலாம் என்பதைக்கூட அதுவே தீர்மானித்தது. ஓக்லஹோமா பல்கலைக்கழகம் தொடர்ந்த வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த ஏகபோகத்தை உடைத்தது. அன்று வந்த சுதந்திரத்தின் விலையைத்தான் புல்மன் இப்போது கொடுத்துக்கொண்டிருக்கிறது.

மேற்குக் கடற்கரைக் கூட்டமைப்பு 1915ல் நான்கு பல்கலைக்கழகங்களோடு தொடங்கியது. அந்த நால்வரில் ஒன்று ஓரிகன் ஸ்டேட் (அன்று அது வேளாண் கல்லூரி). இரண்டு ஆண்டுகளில் வாஷிங்டன் ஸ்டேட் சேர்ந்தது. 2011ல் உறுப்பினர் எண்ணிக்கை பன்னிரண்டானபோது கூட்டமைப்பின் கொடி உயரப் பறந்தது. ஈ.எஸ்.பி.என்., ஃபாக்ஸ் நிறுவனங்களுடன் 12 ஆண்டுகளுக்கு 300 கோடி டாலர் அளவில் ஒப்பந்தம். அடுத்த ஆண்டே சொந்த டி.வி. சேனல். அங்கேதான் சறுக்கல். பெரிய நிறுவனம் எதையும் கூட்டாளியாகச் சேர்க்காமல் தனியே நடத்திய அந்தச் சேனலை எடுத்துக் காட்ட டைரக்டிவி கடைசிவரை முன்வரவில்லை. மற்ற கூட்டமைப்புகளின் வருமானம் எகிற, பேக்-12 பின்தங்கியது. 2021ல் டெக்சஸ், ஓக்லஹோமா பல்கலைக்கழகங்கள் விலகுவதாக அறிவித்து 'பிக்-12' ஆட்டம் கண்டது. அங்கிருந்து ஓரிரு அணிகளை இழுக்கும் வாய்ப்பு வந்தபோதும், விரிவாக்கம் தேவையில்லை என்று பேக்-12 முடிவு செய்தது. இரண்டு ஆண்டுகளில் அதே பிக்-12 இதன் வீட்டுக் கதவைத் தட்டி நான்கு பேரை அழைத்துச் சென்றது.

முதல் இடி 2022 ஜூன் 30 அன்று விழுந்தது. லாஸ் ஏஞ்சலஸின் இரண்டு ஜாம்பவான்கள், தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகமும் யூ.சி.எல்.ஏ.யும், 'பிக் டென்' கூட்டமைப்புக்குப் போவதாக அறிவித்தன. ஒன்றரை மாதத்தில் பிக் டென் ஃபாக்ஸ், சி.பி.எஸ்., என்.பி.சி. நிறுவனங்களுடன் ஏழு ஆண்டுகளுக்கு 700 கோடி டாலருக்கும் மேல் மதிப்புள்ள ஒப்பந்தத்தை அறிவித்தது. லாஸ் ஏஞ்சலஸ் சந்தையை இழந்த பேக்-12க்குக் கடைசியில் கிடைத்தது, சந்தா எண்ணிக்கையைப் பொறுத்துப் பணம் தரும் ஆப்பிள் நிறுவனத்தின் யோசனைதான். அது மேஜைக்கு வந்த சில நாட்களில், 2023 ஆகஸ்ட் 4 அன்று, ஒரே நாளில் ஐந்து பல்கலைக்கழகங்கள் வெளியேறின. கொலராடோ அதற்கு முந்தைய வாரமே போய்விட்டது. செப்டம்பர் 1 அன்று ஸ்டான்ஃபோர்டும் கலிபோர்னியாவும் போய்ச் சேர்ந்த இடம் அட்லாண்டிக் கரையோரக் கூட்டமைப்பு! பசிபிக் கரையில் இருந்துகொண்டு அட்லாண்டிக் கரையோரம். எண்களும் இப்படித்தான்: பிக் டென்னில் 18 பேர், பிக்-12ல் 16 பேர், பேக்-12ல் இரண்டு பேர்.

போனவர்களும் ராஜமரியாதையோடு போகவில்லை. ஓரிகனும் வாஷிங்டனும் ஆரம்ப ஆண்டுகளில் ஏறக்குறைய பாதிப் பங்குக்கே சம்மதித்தன. ஸ்டான்ஃபோர்டும் கலிபோர்னியாவும் 30 சதவீதத்துக்கு. நின்றவர்களின் நிலையோ பரிதாபம். ஓரிகன் ஸ்டேட் தன் ஸ்டேடியத்தை 16 கோடி டாலருக்கு மேல் செலவிட்டுப் புதுப்பித்து, 2023 செப்டம்பரில்தான் திறந்தது. கூட்டமைப்பு சிதறி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. இரண்டுக்குமே கூட்டமைப்பிலிருந்து ஆண்டுக்கு 3 கோடி டாலருக்கு மேல் வந்துகொண்டிருந்தது. ஆட்டத்தில் குறை சொல்ல முடியாது, ரசிகர்களிலும் பஞ்சமில்லை. ஈ.எஸ்.பி.என்.னின் சனிக்கிழமை நிகழ்ச்சி எந்த ஊரிலிருந்து ஒளிபரப்பானாலும், பின்னணியில் வாஷிங்டன் ஸ்டேட் கொடியை யாராவது ஒரு பழைய மாணவர் அசைத்துக்கொண்டிருப்பார். 2003 முதல் தவறாத வழக்கம் இது. டி.வி. நிறுவனங்கள் எண்ணுவது சுற்றுவட்டாரத்தில் எத்தனை வீடுகள் என்பதைத்தான். புல்மனில் வீடுகள் குறைவு.

இரண்டும் நீதிமன்றத்துக்குப் போயின. புல்மன் இருக்கும் விட்மன் கவுண்டியின் தலைமையிடமான கால்ஃபாக்ஸ் என்ற சிற்றூரில் வழக்கு. கூட்டமைப்பின் கஜானாவை ஆள்வது யார் என்பதே கேள்வி. விலகுவதாக அறிவித்த உறுப்பினர் நிர்வாகக் குழுவில் ஓட்டுரிமை இழப்பார் என்பது விதி. லாஸ் ஏஞ்சலஸ் பல்கலைக்கழகங்கள் போனபோது அந்த விதியைப் பயன்படுத்தி அவற்றை வெளியே உட்கார வைத்தவர்கள், தங்கள் முறை வந்ததும் அது பொருந்தாது என்றார்கள். 2023 நவம்பரில் நீதிபதி கேரி லிபி நின்றவர்களுக்குச் சாதகமாகத் தடையுத்தரவு தந்தார். டிசம்பரில் மாநில உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது. சமரசத்தில் விலகிய பத்துப் பேரும் சேர்ந்து விட்டுக்கொடுத்தது 6.5 கோடி டாலர்.

பணத்தால் நிறுத்த முடியாதவர்களும் உண்டு. ஓரிகன் ஸ்டேட் கால்பந்துப் பயிற்சியாளர் ஜானதன் ஸ்மித் 2023 நவம்பரில் மிச்சிகன் ஸ்டேட்டுக்குப் போனார். அவர் அதே பல்கலைக்கழகத்தின் பழைய ஆட்டக்காரர். வாஷிங்டன் ஸ்டேட் கூடைப்பந்து அணியைத் தேசியப் போட்டிக்கு அழைத்துச் சென்ற கைல் ஸ்மித், அந்தப் பருவம் முடிந்த கையோடு ஸ்டான்ஃபோர்டுக்குப் போனார். அதன் நட்சத்திர வீரர் கேம் வார்ட் மயாமிக்கு மாறி, 2025ல் தொழில்முறை அணிகளின் தேர்வில் முதல் ஆளாக எடுக்கப்பட்டார்.

ஆனால் உண்மையான அடி விழுவது கால்பந்துக்கு வெளியே. நீச்சல், துடுப்புப் படகு, தடகளம் எல்லாம் கால்பந்து கொண்டுவரும் பணத்தில் வாழ்பவை. கென்யாவின் ஹென்றி ரோனோ 1978ல் 81 நாட்களில் நான்கு உலக சாதனைகளை முறியடித்தபோது வாஷிங்டன் ஸ்டேட் மாணவர். அதே பல்கலைக்கழகம் 2025 ஜூனில் தாண்டுதல், எறிதல் போட்டிகளைக் கைவிட்டு, குறுகிய தூர ஓட்டத்தையும் சுருக்கி, நீண்ட தூர ஓட்டத்தை மட்டும் முக்கியமாக வைத்துக்கொள்வதாக அறிவித்தது. ரோனோ வகையறா தப்பியது. குண்டு எறிபவர்கள் தப்பவில்லை.

இதில் நமக்கும் சம்பந்தம் உண்டு. டெல்லித் தமிழரான உயரம் தாண்டுதல் வீரர் தேஜஸ்வின் சங்கர் 2018, 2022 ஆண்டுகளில் தேசியக் கல்லூரிப் பட்டம் வென்றது கன்சஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் உதவித்தொகையில் படித்தபோதுதான். சென்னைப் பெண் கிருஷ்ணா ஜெயசங்கர் 2025ல் உள்ளரங்கக் குண்டு எறிதலில் 16.03 மீட்டர் எறிந்து இந்திய சாதனை படைத்தது 'மவுண்டன் வெஸ்ட்' கூட்டமைப்பின் போட்டியில். அமெரிக்காவின் 2024 பாரிஸ் ஒலிம்பிக் அணியிலேயே சுமார் முக்கால்வாசிப் பேர் கல்லூரி விளையாட்டில் வளர்ந்தவர்கள்.

பெரிய கூடாரத்துக்குப் போனவர்களின் சிறிய அணிகளும் நிம்மதியாக இல்லை. லாஸ் ஏஞ்சலஸ் வாலிபால் பெண்கள் நியூ ஜெர்சியில் ஆட வேண்டுமானால் சுமார் 4,000 கி.மீ. பறக்க வேண்டும். டெல்லியிலிருந்து சென்னைக்கு ரயில் பாதை 2,200 கி.மீ. கூட இல்லை. திங்கட்கிழமை வகுப்பு இருக்கிறது. போதாக்குறைக்கு, 2025 ஜூனில் நீதிபதி கிளாடியா வில்கன் ஏற்ற சமரசத்தின்படி பல்கலைக்கழகங்கள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம். முதல் ஆண்டுக்கு உச்சவரம்பு ஒரு பல்கலைக்கழகத்துக்கு 2.05 கோடி டாலர். உழைத்தவனுக்குக் கூலி கிடைப்பது நியாயம்தான். பழைய வீரர்களுக்கான 280 கோடி டாலர் இழப்பீட்டிலோ, ஒரு பகுதி கால்பந்தே ஆடாத சின்னஞ்சிறு கல்லூரிகளின் பங்கிலிருந்தும் பிடிக்கப்படுகிறது.

இதற்கிடையே ஓரிகன் ஸ்டேட் பேஸ்பால் அணி, எந்தக் கூட்டமைப்பிலும் சேராமல் ஊர் ஊராகப் போய் ஆடி, 2025ல் நாட்டின் கடைசி எட்டு அணிகளில் ஒன்றாக ஒமாஹா போய்ச் சேர்ந்தது. மூன்று முறை தேசியப் பட்டம் வென்ற அணி அது. பேஸ்பாலுக்கு டி.வி. பெரிய பணம் தருவதில்லை.

எட்டு உறுப்பினர்களைச் சேர்க்க என்.சி.ஏ.ஏ. தந்த அவகாசம் இரண்டு ஆண்டுகள். முதல் ஆண்டில் மவுண்டன் வெஸ்ட்தான் கை கொடுத்தது: 2024 பருவத்தில் இருவருக்கும் தலா ஆறு கால்பந்து ஆட்டங்கள், கட்டணம் 1.4 கோடி டாலர். அந்த ஒப்பந்தத்திலேயே, எங்கள் உறுப்பினரை இழுத்தால் அபராதம் என்ற நிபந்தனையும் இருந்தது. பருவம் தொடங்கிச் சில வாரங்களில், 2024 செப்டம்பரில், பேக்-12 மவுண்டன் வெஸ்டின் பாய்சி ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், ஃபிரெஸ்னோ ஸ்டேட், சான் டீகோ ஸ்டேட் நான்கையும் 2026 முதல் சேர்ப்பதாக அறிவித்தது. சில நாட்களில் ஐந்தாவதாக யூட்டா ஸ்டேட். அபராதக் கணக்கு 5.5 கோடி டாலருக்குப் போனதும், அந்த நிபந்தனையே போட்டிச் சட்டத்துக்கு விரோதம் என்று பேக்-12 வழக்குப் போட்டது. ஒரு வருடம் முன்பு கால்ஃபாக்ஸில் கண்ணீரோடு நின்ற அதே இருவர்தான்.

ஐவரை இழந்த மவுண்டன் வெஸ்ட் சும்மா இருக்குமா? 'பிக் வெஸ்ட்'டிலிருந்து ஹவாயையும் யூ.சி. டேவிஸையும் எடுத்துக்கொண்டது. பிக் வெஸ்ட் தன் பங்குக்கு, இன்னும் கீழே இருந்த 'வெஸ்டர்ன் அத்லெடிக்' கூட்டமைப்பிலிருந்து கலிபோர்னியா பாப்டிஸ்ட், யூட்டா வேலி இரண்டையும் இழுத்தது.