க-வுக்கு அடுத்து மூன்று காலி நாற்காலி

பேரணாம்பட்டுக் கடைத்தெருவில் தமிழும் உருதும் கலந்து காதில் விழும். மலைச்சாலை ஏறி ஆந்திர எல்லையைத் தாண்டினால் வி.கோட்டா, அங்கே பலகையெல்லாம் தெலுங்கு. இந்த மூன்று எழுத்துகளும் கணினிக்குள் எங்கெங்கே உட்கார்ந்திருக்கின்றன என்று பார்க்க, பைத்தான் பாடத்தின் ஒரு தொடக்கப் பயிற்சி போதும்: ஒரு சொல்லைக் கொடு, ஒவ்வோர் எழுத்துக்கும் உரிய எண்ணைக் காட்டச் சொல்.

ஆங்கிலத்தில் இது எளிது. பெரிய ஏ-க்கு 65, பி-க்கு 66. 1963-ல் வந்த ஆஸ்கி அட்டவணையின் ஏற்பாடு அது. 'பேரணாம்பட்டு' என்று கொடுத்துப் பாருங்கள். நாம் எண்ணினால் ஏழு எழுத்து. கணினியோ 12 எண்களைக் கொட்டும்: 2986, 3015, 2992, 2979, 3006, 2990, 3021, 2986, 2975, 3021, 2975, 3009.

முதல் எண் ப. இரண்டாவது இரட்டைக்கொம்பு. தாளில் ப-வுக்கு முன்னால் போடும் கொம்பு இங்கே பின்னால் வருகிறது. இரண்டு முறை வரும் 3021 புள்ளி. நம் இலக்கணத்தில் மெய்யோடு அகரம் சேர்ந்தால் ம. இங்கே கதை தலைகீழ்: முதலில் ம, அதன்மேல் புள்ளி வைத்தால்தான் ம்.

அடுத்த பயிற்சி ரகசிய எழுத்து. ஒவ்வோர் எண்ணோடும் ஒன்று கூட்டினால் ஏ, பி ஆகிவிடும். க-வின் எண் 2965. ஒன்று கூட்டினால் 2966. அங்கே யாருமில்லை, வெறும் கட்டம். ங இருப்பது 2969-ல். நடுவே உள்ள மூன்றும் பிற இந்திய மொழிகளின் மற்ற மூன்று ககரங்களுக்கான இடம். இந்திய எழுத்துகளுக்கு அரசு வகுத்த இஸ்கி தரத்தின் 1988-ஆம் ஆண்டு வடிவத்தை ஒட்டி, இந்த எண்களைத் தரும் யூனிகோடு அட்டவணை ஒவ்வொரு மொழிக்கும் 128 இருக்கைகளை ஒரே அமைப்பில் போட்டது.

அதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மேலே உள்ள 12 எண்களோடும் 128-ஐக் கூட்டுங்கள். ஊர்ப்பெயர் அப்படியே தெலுங்கில் வந்து நிற்கும்! ஒலி மட்டும் கொஞ்சம் உதைக்கும். 'ம்'முக்குப் பின் நாம் மென்மையாக்கிச் சொல்லும் ப, தெலுங்கில் வன்மையாகவே நிற்கும். அவர்களிடம் மென்மையான ப-வுக்குத் தனி எழுத்து உண்டு; அதற்கு நேரான 2988-ஆம் இருக்கைதான் நம் பக்கம் காலி.

அண்டை வீட்டாருக்கு ஒத்துப்போனதில் நம் அகரவரிசை அடிபட்டது. ன-வை ந-வின் பக்கத்தில், 2985-ல் உட்கார வைத்துவிட்டார்கள். எண்ணை மட்டும் பார்த்து அடுக்கினால் 'மனம்' முதலில், 'மரம்' பிறகு. எந்த அகராதியும் ஒப்பாது. ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் தந்த டேஸ்-16 முறையை 2010-ல் தமிழக அரசு யூனிகோடுடன் சேர்த்து ஏற்றது. ஆனால் நம் கைப்பேசிகளில் இருப்பது யூனிகோடுதான்.

உருதுப் பலகையின் ப-வுக்கு எண் 1662. அது அரபு எழுத்துகளின் தெருவில் இருக்கிறது. 128-ஐக் கூட்டிக் கூட்டிப் பார்த்தாலும் நம் ப-விலிருந்து அங்கே போக முடியாது. ஒன்றில் மட்டும் நம் கொம்புக்கு அது உறவு. உருதை வலமிருந்து எழுதினாலும் நினைவகத்தில் முதலில் இருப்பது முதலில் உச்சரிக்கும் எழுத்தே. எந்தப் பக்கம் வரைவது என்பது திரையின் வேலை.