உடற்கோயிலில் உழவாரம்

திருச்சிற்றம்பலம்

திருக்கோயிற் பெருவிழா கொடியேற்றத்தில் தொடங்குகிறது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆகமம் பயின்ற சிவாசாரியப் பெருமக்களைக் கேட்டால், விழா அதற்கு முன்னரே தொடங்கிவிட்டது என்பார்கள். விநாயகர் வழிபாடு, வாஸ்து சாந்தி, மிருத்சங்கிரகணம், அங்குரார்ப்பணம் என்னும் கிரியைகள் ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்கின்றன. இடம் தூய்மை பெறுகிறது, புதுமண் எடுக்கப்படுகிறது, முளைப்பாலிகை இடப்படுகிறது. அதன் பின்னரே காப்பும் கொடியும். தூய்மை முன்னே, திருவிழா பின்னே என்பது இம்முறையின் உட்கிடை.

கற்கோயிலுக்கு உரிய இம்முறை உடற்கோயிலுக்கும் உரியதே. உடம்பு இறைவன் எழுந்தருளியிருக்கும் ஆலயம் என்பது திருமூல நாயனார் நமக்குக் காட்டிய நெறி. ஆலயம் என்றால் அதற்கு அலகிடுதலும் மெழுகுதலும் வேண்டும் அன்றோ? அவ்வக்காலத்துக்கு ஏற்ப உடம்பைத் தூய்மை செய்யும் வழக்கம் நம் முன்னோரிடம் இருந்தது. அஃது எவ்வாறு இருந்தது, அதனால் வரும் பயன் யாது, அதன் எல்லை எவ்வளவு என்பனவற்றை ஈண்டுச் சிந்திப்போம்.

சிவபூசை செய்வோர் ஐவகைச் சுத்தி செய்துகொண்டே பூசையில் இறங்குவர். ஆன்ம சுத்தி, தான சுத்தி, திரவிய சுத்தி, மந்திர சுத்தி, இலிங்க சுத்தி என்பன அவை. இலிங்க சுத்தியின்போது முதல்நாள் சாத்திய மாலையும் வில்வமும் களையப்படுகின்றன. அவற்றை நிர்மாலியம் என்போம். நேற்று அன்போடு சாத்திய மலர்தான். ஆயினும் இன்று அது களையப்பட வேண்டியதே. அவ்வாறே, இறைவனுக்கு ஆட்டிய பாலும் நீரும் கருவறையின் வடபுறத்துக் கோமுகி வழியே வெளியேறுகின்றன. கோமுகி அடைபட்டால் என்ன ஆகும்? தேங்கிய பால் புளிக்கும், நாற்றம் எழும், பூச்சிகள் மொய்க்கும்.

கள்ளக்குறிச்சி மக்களாகிய நமக்குக் கோமுகி என்னும் சொல் மிக நெருங்கிய சொல். கல்வராயன் மலையில் பிறந்து, கச்சிராயபாளையத்தருகே அணையில் தங்கி, நம் வயல்களை வளர்க்கும் ஆற்றின் பெயரும் அதுவே. ஆற்றில் வண்டல் சேர்ந்தால் தூர் எடுக்கிறோம். உணவு செல்லும் இவ்வுடம்பிலும் கழிவு செல்லும் வழி தடையின்றி இருத்தல் வேண்டும் என்பதே உடற்சுத்தியின் முதற்பாடம்.

சித்த மருத்துவ நூலார் இதனைக் கால அளவோடு வகுத்துவைத்தனர். தேரையர் அருளியதாக வழங்கும் பிணியணுகா விதியில், ஆறு திங்களுக்கு ஒருமுறை வமனம், நான்கு திங்களுக்கு ஒருமுறை பேதி, ஒன்றரைத் திங்களுக்கு ஒருமுறை நசியம், நான்கு நாளுக்கு ஒருமுறை எண்ணெய் முழுக்கு என்ற ஒழுங்கு காணப்படுகிறது. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்னும் ஆறு பெரும்பொழுதுகளுக்கு ஏற்ப வாத பித்த கபங்கள் ஏறி இறங்கும் என்பது அவர்கள் கொள்கை. முதுவேனிலில் வளரத் தொடங்கும் வாதம் காரில் மிகும். காரில் வளரும் பித்தம் கூதிரில் மிகும். பின்பனியில் சேரும் கபம் இளவேனிலில் மிகும். ஆதலின் பருவம் மாறும் சந்திகளில் உடம்பைச் செப்பம் செய்துகொள்ளச் சொன்னார்கள்.

இந்நூற்கொள்கையை நம் தாய்மார் அடுக்களையிலும் கோயிலிலும் வைத்துக் காத்தனர். சித்திரைப் பிறப்பில் வேப்பம்பூப் பச்சடி. ஆடியில் அம்மனுக்குக் கேழ்வரகுக் கூழும் கம்பங்கூழும் வேப்பிலையும். ஐப்பசி மழையில் தீபாவளி எண்ணெய் முழுக்கும், சுக்கும் திப்பிலியும் ஓமமும் கூடிய இலேகியமும். மார்கழிப் பனியில் மிளகும் சீரகமும் இட்ட வெண்பொங்கல். மாசியில் சிவராத்திரி நோன்பு. இவற்றை அடுக்கிப் பார்த்தால் ஆண்டு முழுவதற்குமான பத்தியமாகவே தோன்றுகிறது. விளக்கெண்ணெய் கொடுத்த நாளில் சோறும் மிளகு இரசமும் மோரும் தவிர வேறொன்றும் தாராத பாட்டிமாரை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இனிக் கல்வராயன் மலைக்கு வருவோம். இம்மலை நமக்குத் தரும் பொருள்களுள் கடுக்காய் சிறப்புடையது. மலைவாழ் மக்கள் காட்டில் பொறுக்கி உலர்த்திச் சந்தைக்கு அனுப்பும் இக்காய், தோல் பதனிடவும் மருந்து செய்யவும் பயன்படுகிறது. நெல்லிக்காயும் தான்றிக்காயும் இதனோடு கூடினால் திரிபலை. மலச்சிக்கலை மென்மையாக நீக்குவதற்குக் கடுக்காயை மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கையாண்டு வருகின்றனர். அதனைப் பயன்கொள்ளும் முறையில் ஒரு நுட்பம் உண்டு. இஞ்சிக்கு நஞ்சு புறத்தே, கடுக்காய்க்கு நஞ்சு அகத்தே என்பது நம் நாட்டார் வழக்கு. இஞ்சியின் தோலைச் சீவி எறிய வேண்டும். கடுக்காயின் கொட்டையை உடைத்து நீக்க வேண்டும். மருந்துப் பொருளுக்கே இத்தகைய சுத்தி வேண்டுமாயின், அதனை உண்ணும் மனிதனுக்குப் புறத்தூய்மையும் அகத்தூய்மையும் வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். முன்னோர் சொன்ன வமனமும் பேதியும் மருத்துவர் கண்காணிப்பில் நிகழ்ந்தவை. உடல்வலிமை, வயது, பருவம் ஆகியவற்றை ஆராய்ந்த பின்னரே மருந்தின் அளவு முடிவு செய்யப்பட்டது. கருவுற்ற மகளிர், குழந்தைகள், முதியோர், நீரிழிவும் சிறுநீரக நோயும் உடையவர்கள் தாமாகவே பேதிமருந்து உண்ணலாகாது. நீரும் உப்பும் உடம்பிலிருந்து மிகுதியாகக் கழிந்தால் மயக்கமும், சில வேளை உயிர்க்கேடும் நேரும். நீரிழிவுக்கு மருந்து உண்போர் நோன்பிருக்கும் நாளில் மருந்தின் அளவு மாற வேண்டியிருக்கலாம்; அதனை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். கேட்டு நடப்பதால் விரதம் குறைந்துவிடாது.

இக்காலத்தில் டீடாக்ஸ் என்ற பெயரிட்டுப் பொடிகளும் பானங்களும் விற்கப்படுகின்றன. பத்தே நாளில் உடம்பின் நஞ்செல்லாம் நீங்கும் என்று விளம்பரம் சொல்கிறது. எந்த நஞ்சு, எவ்வளவு நீங்கியது என்று கேட்டால் விடை இல்லை. இறைவன் இவ்வுடம்பைப் படைத்தபோதே துப்புரவுப் பணியாளர்களையும் உடன் அமைத்துவிட்டான். நம் சிறுநீரகங்கள் இரண்டும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மத்தை வடிகட்டுகின்றன; அதில் ஒன்றரை லிட்டர் அளவே சிறுநீராக வெளியேறுகிறது; எஞ்சியது மீண்டும் குருதியிற் சேர்கிறது. ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையுள்ள கல்லீரல் இரவும் பகலும் வேண்டாதவற்றை மாற்றி வெளியேற்ற வழிசெய்கிறது. நாம் கும்பிடாமலே நமக்குத் தொண்டு செய்யும் இவ்விரு அடியார்களுக்கும் நாம் செய்யத்தக்க கைம்மாறு யாது? அவர்கள் தலையில் மேலும் சுமை ஏற்றாமல் இருப்பதே. முன் உண்டது செரித்த பின்னரே உண்பவனுக்கு மருந்து தேவையில்லை என்பது திருவள்ளுவர் மருந்து அதிகாரத்தில் காட்டிய கருத்து. அவர் வேர், தழைகளை எண்ணிச் சொல்லவில்லை. வாயிலைக் காக்கச் சொன்னார்.

வாயிலைக் காத்தல் என்றவுடன் நம் நெஞ்சில் ஆறாத புண்ணொன்று நினைவுக்கு வருகிறது. 2024 ஆம் ஆண்டு சூன் மாதத்தில் நம் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் அருந்தி 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மாண்டவர்களிற் பலர் அன்றாடக் கூலி வேலை செய்து பிழைத்தவர்கள். ஒரே நாளில் பல உடல்கள் கோமுகிக் கரையில் அடுத்தடுத்து எரியூட்டப்பட்ட காட்சியை நாம் எவ்வாறு மறப்பது? அதற்கு முந்திய ஆண்டு, 2023 மே மாதத்தில், மரக்காணம் பக்கத்திலும் செங்கற்பட்டுப் பகுதியிலும் இதே கொடுமையால் 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மருந்தாகும் கடுக்காயும் வெல்லமும் பட்டையும் சாராய ஊறலில் இடப்படுவதையும், அவ்வூறல்கள் மலைச்சரிவுகளில் அழிக்கப்படுவதையும் செய்திகளிற் படிக்கிறோம். ஆயினும் 2024இல் உயிர் குடித்தது மலையில் விளைந்த பொருள் அன்று. அது மெத்தனால் என்னும், ஆலைகளுக்கு உரிய நீர்மம். பழியை மலைமக்கள் மேல் ஏற்றுவது அறமாகாது.

மெத்தனால் உடம்பினுள் என்ன செய்கிறது என்பதை அன்பர்கள் அறிந்திருத்தல் நலம். நஞ்சை மாற்றித் தரவேண்டிய கல்லீரலே இதனை மேலும் கொடிய ஃபார்மிக் அமிலமாக மாற்றிவிடுகிறது. அவ்வமிலம் கண்நரம்பைத் தாக்கிப் பார்வையைக் கெடுக்கிறது; குருதியைப் புளிப்பேற்றி உயிரைப் போக்குகிறது. குடித்த உடனே தீங்கு தெரியாது. 12 மணி முதல் 24 மணி நேரம் வரையிலும்கூடத் தாழ்த்து வரலாம். வயிற்றுவலி, வாந்தி, பார்வை மங்கல் என்பன அறிகுறிகள். இதற்கு வீட்டுக் கைம்மருந்தோ, பேதியோ, மோரோ தீர்வாகா. 108க்குச் சொல்லி உடனே மருத்துவமனை சேர்தலே வழி. அங்கு மாற்று மருந்தும், டயாலிசிஸ் என்னும் குருதிச் சுத்திகரிப்பும் உண்டு. அச்சத்தாலும் நாணத்தாலும் ஒளிந்திருக்கும் ஒவ்வொரு நாழிகையும் உயிரைக் குறைக்கும்.

தென்பெண்ணைக் கரையில் திருக்கோவலூர் வீரட்டம் உள்ளது. அட்ட வீரட்டங்களுள் அந்தகாசுரனை இறைவன் அடக்கிய தலம் அது. அந்தகன் என்றால் குருடன் என்று பொருள். அகந்தை இருளால் கண் மறைந்தவனை அவ்வாறு அழைத்தார்கள். மதுவும் ஓர் அந்தகனே. முதலில் அறிவின் கண்ணை மறைக்கிறது. மனைவி மக்களின் பசியைக் காணவொட்டாது செய்கிறது. மெத்தனால் கலந்தால் முகத்திலுள்ள கண்ணையும் பறித்துக்கொள்கிறது. சூலத்தை ஏந்திய பெருமானிடம் நாம் வேண்ட வேண்டுவது இவ்வந்தகனை அழிக்கும் உறுதியையே.

அவ்வுறுதிக்கு நம் கோயில் முறையிலேயே ஒரு கருவி இருக்கிறது. அது காப்பு. பாற்குடமும் காவடியும் எடுப்போர் கையில் மஞ்சட் கயிறு கட்டிக்கொண்டு, விழா முடியும்வரை புலாலும் மதுவும் நீக்கி, ஒருபொழுது உண்டு, தரையிற் படுத்து நோற்கின்றனர். ஆண்டு முழுதும் குடித்த கையும் அக்கயிற்றுக்கு அஞ்சி நிற்பதைப் பார்க்கிறோம். எந்தப் பொடியும் தராத உடற்சுத்தியை இக்கயிறு தருகிறது. அதன் குறை ஒன்றே: காப்பு அவிழ்த்த அன்றே பலர் பழைய வழிக்குத் திரும்பிவிடுகின்றனர். நிர்மாலியம் களைந்த திருமேனியில் அதே வாடிய மாலையை மீண்டும் எடுத்துச் சாத்துவார் உளரோ?

ஆதலின் நாம் ஒன்று வேண்டுகிறோம். குடமுழுக்கு முடிந்த கோயிலில் 48 நாள் மண்டலாபிடேகம் நடத்துகிறோம். அவ்வாறே காப்பு அவிழ்த்தவர்கள் மதுவிலக்கை மட்டும் ஒரு மண்டலம் நீட்டிக்கொள்ளட்டும். குடியால் கொழுப்பு படிந்த கல்லீரல், குடியை அறவே விட்டால் சில வாரங்களிலேயே பெரும்பாலும் தேறிவருகிறது என்பது மருத்துவர் கண்ட உண்மை. தழும்பேறிச் சுருங்கிய ஈரல் அவ்வாறு மீள்வதரிது. மீளும் காலம் இருக்கும்போதே மீள்வதன்றோ அறிவுடைமை? ஒரு மண்டலம் தாங்கியவனுக்கு இரண்டாம் மண்டலம் எளிதாகும்.

நாள்தோறும் மிகுதியாகக் குடித்துப் பழகியவர்கள் திடீரென நிறுத்தினால் முதல் இரண்டு மூன்று நாட்களில் கைநடுக்கம், வலிப்பு, பிதற்றல் தோன்றக்கூடும். அது தெய்வக் குற்றமும் அன்று, பேய்க்கோளாறும் அன்று, உடம்பு படும் பாடு. உயிருக்கும் இடர் தரக்கூடியது. இத்தகையோர் காப்புக் கட்டுவதற்குச் சில வாரங்கள் முன்னரே அரசு மருத்துவமனைக்குச் சென்று மருத்துவர் துணையோடு குடியை நிறுத்திக்கொண்டு, பின்னர் சந்நிதிக்கு வரட்டும். அவரை அழைத்துச் செல்வது குடும்பத்தார்க்கும், உடன் காவடி எடுக்கும் அன்பர்க்கும் உரிய சிவதொண்டு. இழிவுரை பேசி ஒதுக்குவது தொண்டாகாது.

திருநாவுக்கரசு சுவாமிகள் கையில் ஏந்தியது உழவாரம். சூலை நோய் நீங்கப்பெற்ற அவ்வருளாளர், தம் நோய் தீர்ந்தது போதும் என்று அமைந்தாரில்லை. ஊர்தோறும் சென்று கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கினார். புல் மறுபடியும் முளைக்கும் என்பதை அவர் அறியாதவரா? முளைக்கும்போதெல்லாம் செதுக்குவதே தொண்டு என்று கொண்டார். உடற்சுத்தியும் அத்தகையதே. பருவத்துக்கு ஒருநாள் வயிற்றைக் கழுவிவிட்டு மற்ற நாளெல்லாம் குப்பையை இடுவது உழவாரம் ஆகாது. அளவறிந்து உண்டு, நோன்பறிந்து நோற்று, நஞ்சென்று தெரிந்ததை வாயிலில் நிறுத்துவோம். அவ்வாறு காத்த உடம்பில் ஐந்தெழுத்து இனிது ஒலிக்கும். கோமுகி தெளிந்து ஓடும்.

திருச்சிற்றம்பலம்