சிறு டிராக்டரின் பின்பெட்டியும் உவர்நீரும்

கொச்சித் துறைமுகத்திற்கு வடக்கே, கடலுக்கும் காயலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் வைப்பின் தீவில் உப்புக்குத் தப்பும் இரும்பு அரிது. இங்குள்ள பொக்காளி வயல்களில் ஜூன் முதல் அக்டோபர் வரை நெல்லும், நவம்பர் முதல் ஏப்ரல் வரை இறாலும் விளைகின்றன. அவற்றின் ஆழ்ந்த சேற்றில் டிராக்டர் புதைந்துவிடும். எனினும், இத்தகைய கரையோரத் தென்னந்தோப்புகளில் உழும் சிறு டிராக்டரும் உவர்நீரில் இறங்க நேரிடுகிறது.

சிறு டிராக்டர்கள் பலவற்றில் பின் அச்சின் பற்சக்கரங்களும், கலப்பையைத் தூக்கும் ஹைட்ராலிக் அமைப்பும் ஒரே பெட்டியிலுள்ள எண்ணெயைக் கொண்டே இயங்குகின்றன. ஓடிச் சூடேறிய பெட்டி நீர் பட்டதும் குளிர்கிறது. உள்ளே காற்று சுருங்குகிறது. தேய்ந்த ஆயில் சீல் வழியாகவோ மூச்சுத் துளை வழியாகவோ நீர் உறிஞ்சப்படுகிறது. எண்ணெய் மோர் நிறம் கொள்வதே இதன் முதல் அறிகுறி. ஐயம் எழின், சிறிதளவு எண்ணெயைக் கண்ணாடிப் புட்டியில் ஓர் இரவு அசையாது வைத்தால், பெரும்பாலும் அடியில் நீர் தங்கக் காணலாம். பள்ளிகளில் மாணவர்க்கும் இதனைக் காட்டலாம்.

புதிய எண்ணெயை ஊற்றினால் போதும் என எண்ணுவோர் பலர். அது கழுவாத பானையில் புதுப்பால் காய்ச்சுவதை ஒக்கும். முதலில் வண்டியைச் சிறிது நேரம் ஓட்டி, எண்ணெய் இளஞ்சூடானதும் சமதரையில் நிறுத்தி, கலப்பையைத் தரையில் இறக்கி, எஞ்சினை அணைத்தல் வேண்டும். திருகுகளைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்த பின்னரே அவற்றைக் கழற்றலாம். எண்ணெய் முற்றும் வடிந்தபின் சல்லடையை டீசலில் கழுவி உலர்த்துக. காகித வடிகட்டியாயின் மாற்றுக. நூல் உதிரும் கந்தைத் துணி ஆகாது. ஓர் இழை சல்லடையில் சிக்கினும் பம்பு திணறும். வடிதிருகில் காந்தம் இருப்பின் அதில் ஒட்டியதை நோக்குக: நுண்பொடி இயல்பான தேய்மானம், உலோகச் சில்லு பற்சக்கர உடைவைக் குறிக்கலாம். நீர் புகுந்த வழியைக் கண்டு, பழுதான சீலை மாற்றாமல் எண்ணெய் நிரப்புவது வீண் செலவு.

கையேடு குறிப்பிடும் எண்ணெயையே அளவுக்குறி வரை ஊற்றி, எஞ்சினை ஓட்டித் தூக்கியைப் பலமுறை ஏற்றி இறக்கினால் காற்று வெளியேறும். பின்னர் மீண்டும் அளவு பார்க்க. வெண்மை தோன்றினால் அந்த எண்ணெயையும் வடித்துவிட்டு மறுமுறை நிரப்புதல் வேண்டும்.

வடித்த எண்ணெயை வாய்க்காலில் கொட்டலாகாது. வேலியேற்றத்தில் மதகு வழியே புகும் நீர் அடுத்தவர் இறால் கட்டுக்கும் செல்வதாகும். 2016ஆம் ஆண்டு விதிகளின்படி இது அபாயக் கழிவு. ஆகையால் மூடிய கலத்தில் சேர்த்து, உரிமம் பெற்ற மறுசுத்திகரிப்பாளரிடம் ஒப்படைக்கும் வரை மழைபடாத இடத்தில் வைக்க.