கார் து நோரில் காத்திருக்கும் பொலிஸ்காரர்

லா சப்பலில் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் வாங்கிக்கொண்டு போபூர் சன் தெனி வீதியால் கீழே நடந்தால், சில நிமிடங்களில் கார் து நோர் புகையிரத நிலையம் வந்துவிடும். எம்மவருள் பலர் பரிஸ் மண்ணில் முதலடி வைத்த இடம் அது. அங்கே மேடையில் ஒரு மனிதர் 1931ஆம் ஆண்டு தொடக்கம் நின்றுகொண்டிருக்கிறார். கனத்த தேகம், தடித்த மேலங்கி, வட்டத் தொப்பி, வாயில் சுங்கான். வடக்கிலிருந்து வரும் கடுகதிப் புகையிரதத்தில் வந்து இறங்கப்போகும் ஒரு வெளிநாட்டவனை அவர் எதிர்பார்த்திருக்கிறார்.

அவர் பெயர் மேக்ரே. ஜோர்ஜ் சிமெனோன் படைத்த பொலிஸ் அதிகாரி. அவரது பெயரைத் தாங்கிய தொடர் அந்த ஆண்டில் வெளிவரத் தொடங்கியது; அதில் ஒரு கதை இந்த நிலையத்திலிருந்துதான் புறப்பட்டது. 'பியேத்ர் லெ லெத்தோன்', அதாவது 'லத்வியனான பியேத்ர்' என்பது அந்த நாவலின் பெயர். பல பெயர்களில், பல நாடுகளில் உலாவும் மோசடிக்காரன் ஒருவன் பரிஸ் வருவதாகத் தந்தி கிடைக்கிறது. அவனுடைய அங்க அடையாளங்களும் கூடவே வருகின்றன. காது மடலின் அமைப்புக்கூட விடுபடவில்லை. அந்த அடையாளங்கள் அனைத்தும் பொருந்திய ஒருவன் மேக்ரேயின் கண்முன்னால் நிலையத்தை விட்டு வெளியேறிச் செல்கிறான். அதே வேளையில் அதே வண்டியின் கழிவறையில் ஒரு பிணம் கண்டெடுக்கப்படுகிறது. அதே அடையாளங்கள் பிணத்துக்கும் பொருந்துகின்றன! ஒரே காகிதம், இரண்டு மனிதர்கள். இவர்களில் எவன் பியேத்ர்?

சென்ற மாதங்களில் இந்நாவலை மீண்டும் எடுத்துப் படித்தபோது, முன்னர் கவனியாது விட்ட ஒன்று எம்மை உறுத்தியது. காதை அளந்து மனிதனை அடையாளங் காணும் அந்த முறை கதாசிரியரின் கற்பனையன்று. அல்போன்ஸ் பெர்த்தியோன் என்பவர் 1880களில் பரிஸ் பொலிஸ் தலைமையகத்தில் உருவாக்கிய முறை அது. தலை, கை, கால், காது என எல்லாவற்றையும் அளந்து அட்டையில் பதிந்தார்கள். பின்னர் கைரேகை அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. மேக்ரே தொடரின் வெளியீட்டு விழாவே இதை வைத்து ஒரு வேடிக்கையாக நடந்தது. 1931 பெப்ரவரியில் மொன்பர்னாஸ் பகுதியின் இரவு விடுதியொன்றில் விருந்து வைத்த சிமெனோன், வந்த கனவான்களிடமும் சீமாட்டிகளிடமும் வாசலிலேயே கைரேகை எடுப்பித்தார். பரிஸ் நகரமே சிரித்தது. 2003ஆம் ஆண்டு தொடக்கம் 'யூரோடக்' என்ற பொதுப் பதிவேட்டுக்காக ஐரோப்பிய நாடுகளில் பத்து விரலும் வைத்துவருகிற எம்மவர்க்கு இந்த நகைச்சுவை எவ்வளவு தூரம் சுவைக்குமோ நாமறியோம்.

சிமெனோனும் பரிசுக்கு வந்தேறியவர்தான். 1903 பெப்ரவரியில் பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் பிறந்தார். பிறந்தது 13ஆம் திகதி வெள்ளிக்கிழமை. ஆனால் அது கூடாத நாள் என்று அஞ்சி 12ஆம் திகதியாகப் பதிவு செய்ததாகச் சொல்லப்படுகிறது. பதிவிலுள்ள பிறந்த திகதியும் உண்மைத் திகதியும் வேறுவேறாக இருப்பது எமது வீடுகளில் புதினமல்ல என்பதால் இதை இங்கே குறிப்பிடுகிறோம். அவருடைய தாயார் வீட்டு அறைகளை வாடகைக்கு விட்டு வந்தார். குடியிருந்தோரில் பலர் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து படிக்க வந்த ஏழை மாணவர்கள். 1922 டிசம்பரில், பத்தொன்பது வயதில், வேலை தேடி சிமெனோன் பரிஸ் வந்தார். புனைபெயர்களில் மலிவுக் கதைகளை எழுதிக் குவித்து வயிறு வளர்த்தார். பத்திரிகையொன்றில் கதைப் பகுதியைக் கவனித்த எழுத்தாளர் கொலெத், இலக்கிய அலங்காரத்தை வெட்டி எறியும்படி அவருக்குப் புத்தி சொன்னார். அதை அவர் கடைசிவரை கைவிடவில்லை. 1972 வரையில் எழுபத்தைந்து மேக்ரே நாவல்கள்; சிறுகதைகள் வேறு.

தமிழ்வாணனின் சங்கர்லாலோடு வளர்ந்த வாசகர்களுக்கு மேக்ரே முதலில் ஏமாற்றமாகவே இருப்பார். சங்கர்லால் தேநீர் அருந்தியதும் மூளை வேலை செய்யும். பெர்லினுக்கும் நியூயோர்க்குக்கும் பறப்பார். 1908இல் வெளிவந்த ஜே. ஆர். ரங்கராஜுவின் 'ராஜாம்பாள்' முதலாகவே எமது துப்பறிவாளர்கள் சுறுசுறுப்பானவர்கள். மேக்ரே அப்படியல்லர். கொலை நடந்த தெருவின் மூலைக் கடையில் பியர் குடித்தபடி மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பார். வாசல்காரி எப்போது விளக்கை அணைக்கிறாள், இறந்தவன் எந்த மேசையில் சாப்பிட்டான், இவைதான் அவருக்கு வேண்டும். கோப்பு சொல்வதை அவர் நம்புவதில்லை. இறந்தவனின் கதிரையில் போய் இருந்துபார்த்த பின்னரே கேள்வி கேட்கத் தொடங்குவார்.

இவற்றையெல்லாம் புகழ்ந்துவிட்டு மற்றதை மறைப்பது நேர்மையாகாது. முதல் நாவலில் மேக்ரே மரே பகுதியிலுள்ள றுவா து சிசில் வீதிக்குப் போகிறார். யூத அகதிகளும் கிழக்கு ஐரோப்பியரும் நெருக்கியடித்து வாழ்ந்த தெரு அது. அதன் மணம், அழுக்கு, முகங்கள் பற்றிச் சிமெனோன் எழுதியிருப்பது வெறுப்பிலிருந்து வெகு தூரத்தில் இல்லை. லியேஜ் பத்திரிகையில் பணியாற்றிய இளவயதில், 1921இல், யூதருக்கு எதிரான கட்டுரைத் தொடரொன்றையும் அவர் எழுதியிருந்தார். காலத்தின் கோலம் என்று ஆராய்ச்சியாளர் சமாதானம் சொல்லலாம். அந்நியரின் கடைகளும் சமையல் மணமும் நிறைந்த ஒரு தெருவில் நாளாந்தம் நடமாடும் எமக்கு அந்தச் சமாதானம் போதவில்லை. வேறொருவர் எமது தெருவைப் பற்றி அப்படி எழுதினால் எப்படியிருக்கும் என்ற கேள்வியுடனேயே அந்தப் பக்கங்களைத் தாண்டினோம்.

ஆனால் அதே மனிதர்தான் கால் நூற்றாண்டின் பின், 1956இல், 'அர்க்காங்கெல்ஸ்கிலிருந்து வந்த சின்ன மனிதர்' என்ற பொருள்படும் நாவலை எழுதினார். இதில் மேக்ரே இல்லை. நாயகன் ஜோனாஸ் மில்க், சிறுவயதில் ரஷ்யாவிலிருந்து கொண்டுவரப்பட்ட யூதர். பிரான்சின் சிற்றூர் ஒன்றின் சந்தைச் சதுக்கத்தில் பழைய புத்தகக் கடை வைத்திருக்கிறார், முத்திரை சேகரிப்பவர். அயலவருக்கெல்லாம் நல்லவர். தாமும் அந்த ஊரவரே என்று நம்பியிருக்கிறார். ஒரு நாள் மனைவி ஜீனா, பெறுமதிமிக்க முத்திரைகளுடன் காணாமற் போகிறாள். மறுநாள் காலை யாரோ விசாரிக்கிறார்கள். மானத்துக்கு அஞ்சி, பூர்ஜ் நகருக்குப் போய்விட்டாள் என்று ஒரு பொய் சொல்கிறார்.

அந்தச் சிறு பொய்தான் முழுக்கதையும். அடுத்தவர் கேட்கும்போது அதையே திருப்பிச் சொல்லவேண்டியதாகிறது. சொல்லச் சொல்ல ஓட்டைகள் பெருக்கின்றன. காலை வணக்கம் சொன்னவர்கள் முகத்தைத் திருப்புகிறார்கள்; ஈற்றில் பொலிஸ் அழைக்கிறது. அவர் எக்குற்றமும் செய்யாதவர் என்பது வாசகருக்குத் தெரியும். ஆனால் மேசைக்கு அப்பாலிருக்கும் அதிகாரிக்கு முன்னே அவருடைய ஒவ்வோர் உண்மையும் பொய்போலவே ஒலிக்கிறது. அகதி விண்ணப்ப விசாரணையில், முதல் வாக்குமூலத்தில் ஒரு திகதியும் இரண்டாவதில் வேறொரு திகதியும் சொல்லிவிட்டு, நாவுலர்ந்து இருந்தவர்களுக்கு அந்த அறையை விவரிக்கத் தேவையில்லை. வெட்கத்தால் மறைத்த சிறு விடயம் பெரிய உண்மையையும் சேர்த்து மூழ்கடித்துவிடும் என்பதைத் துப்பறியும் கதை எழுதிய கை இவ்வளவு துல்லியமாக வேறெங்கும் எழுதவில்லை என்பது எமது கருத்து. முடிவைச் சொல்லப்போவதில்லை, ஆறுதலான முடிவு அல்ல என்பதை மட்டும் எச்சரித்து வைக்கிறோம்.

இந்த இடத்தில் மேக்ரேயின் அருமை விளங்குகிறது. அவரும் விசாரிக்கிறவர்தான், இரவிரவாக, தயவில்லாமலும் விசாரிப்பார். ஆயினும் ஒருவன் ஏன் பொய் சொல்கிறான் என்பதே அவரது முதற் கேள்வி. முதல் நாவலின் இறுதிக் கட்டத்தில், கடலில் நனைந்த உடைகளைக் களைந்துவிட்டு, அவரும் குற்றவாளியும் ஹொட்டேல் அறையொன்றில் ஒருவரையொருவர் நோக்கி அமர்ந்திருக்கிறார்கள். அவன் தன் பிள்ளைப் பருவத்திலிருந்து தொடங்கிப் பேசுகிறான். மேக்ரே குறுக்கிடவேயில்லை.

பிரெஞ்சு கற்றுக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சிமெனோனின் வசனங்கள் குறுகியவை. சொற்கள் நாளாந்தம் புழங்குபவை. வகுப்பில் தரப்படும் பாடப்புத்தகத்தை விட இவை வேகமாகப் பக்கம் புரளும். 'பியேத்ர்' நாவலில் தொடங்கலாம். லா சப்பலில் இருப்பவர்கள் பஜோல் வீதியோரமுள்ள வாக்லாவ் ஹாவெல் நகரசபை நூலகத்தில் கேட்டுப் பார்க்கலாம். பரிஸ் நகரசபை நூலகங்களில் புத்தகம் இரவல் பெறக் கட்டணமில்லை. மேக்ரேயின் அலுவலகத்தைத் தேடி ஓர்பேவ்ர் ஆற்றங்கரை 36ஆம் இலக்கத்துக்குப் போக விரும்புவோர் மட்டும் ஒன்றை மனதிற்கொள்க: குற்றப் புலனாய்வுப் பிரிவின் பெரும்பகுதி 2017இல் அங்கிருந்து பதினேழாம் வட்டாரத்துக்கு இடம் பெயர்ந்துவிட்டது. புதிய கட்டடத்துக்கும் 36 என்ற இலக்கத்தையே வாங்கிக்கொண்டார்கள்.