அரை வினாடியில் போன வேலை

கல்லூரியில் உளவியல் நடத்தி ஓய்வுபெற்றவன் என்று தெரிந்துவிட்டால் போதும், கல்யாண வீட்டுப் பந்தியில்கூட விடமாட்டார்கள். "சார், நான் இப்ப என்ன நினைக்கிறேன்னு சொல்லுங்க பார்ப்போம்!" இல்லையென்றால் ஃபிராய்டு, கனவு. நான் கிரீனிச் கதைக்குப் போய்விடுவேன். ஃபிராய்டு பிறப்பதற்கு அறுபது ஆண்டு முந்தைய கதை அது.

இங்கிலாந்தின் கிரீனிச் வானாய்வகத்துக்குத் தலைவர் நெவில் மாஸ்கலைன். உதவியாளர் டேவிட் கின்னபுரூக். தொலைநோக்கிக்குள் இருக்கும் மெல்லிய கம்பியை விண்மீன் கடக்கும் நேரத்தைக் குறிக்க வேண்டும். கண் விண்மீன்மேல் இருக்கும், காது கடிகாரத்தின் டிக் ஒலியை எண்ணும். இரண்டையும் சேர்த்து, வினாடியில் பத்தில் ஒரு பங்குவரை மனத்தாலேயே கணித்து எழுத வேண்டும். 1795இல் கின்னபுரூக்கின் கணக்கு தலைவருடையதைவிட அரை வினாடி பிந்தியது. கண்டித்துச் சொல்லியும் திருந்தவில்லை, 0.8 வினாடியாகக் கூடியது. 1796 தொடக்கத்தில் வேலை போனது. தலைவர் கணக்கே சரி என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை!

வந்தது ஜெர்மானிய வானியலர் பெசெலுக்கு. 1820களில் மற்ற வானியலர்களோடு தம் கணக்கை ஒப்பிட்டார். கைதேர்ந்தவர்களுக்குள்ளேயே வித்தியாசம் இருந்தது, ஒருவரோடு ஒரு வினாடிக்கும் மேல். பிழை சோம்பலில் இல்லை. ஆளுக்கு ஆள் மாறும் ஏதோ ஒன்றில் இருக்கிறது என்று புரிந்தது.

ஆனால் அந்த 'ஏதோ ஒன்றை' எப்படி அளப்பது? நரம்பில் செய்தி ஓடும் வேகத்தை அளக்கவே முடியாது என்று பெரிய உடலியலர்களே நம்பிய காலம் அது. 1850இல் ஜெர்மானிய அறிவியலர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளைக் காலின் நரம்பில் அளந்து காட்டினார்: வினாடிக்குச் சுமார் 30 மீட்டர்தான்.

எனக்குப் பிடித்தவர் நெதர்லாந்துக்காரர் டாண்டர்ஸ். கண் மருத்துவர். ஒருவருடைய பாதத்தில் லேசாக மின்சாரம் பாய்ச்சுவார். எந்தப் பக்கமோ அந்தப் பக்கக் கையை அசைக்க வேண்டும். எந்தப் பாதம் என்று முன்பே சொல்லிவிட்டு ஒரு முறை, சொல்லாமல் ஒரு முறை. சொல்லாதபோது வினாடியில் பதினைந்தில் ஒரு பங்கு கூடுதலாக ஆனது. அதே நரம்பு, அதே தசை. அப்படியானால் அந்தக் கூடுதல் நேரம், 'வலமா, இடமா' என்று முடிவெடுக்க மனம் எடுத்துக்கொண்டது. இதை அவர் வெளியிட்டது 1868இல். எண்ணத்துக்கும் கால அளவு உண்டென்று தெரிந்த பிறகு அதைத் தத்துவத்திடம் மட்டும் விட்டுவைக்க முடியுமா?

பாடநூல்கள் உளவியலின் பிறந்த ஆண்டை 1879 என்கின்றன. வில்ஹெல்ம் வுண்ட் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் ஆய்வகம் தொடங்கிய ஆண்டு. தேர்வில் அப்படித்தான் எழுத வேண்டும். என் கணக்கில் குழந்தை டாண்டர்ஸ் கையிலேயே பிறந்துவிட்டது. வுண்ட் அதைப் பள்ளியில் சேர்த்தார். அதுவும் சின்னக் காரியம் இல்லை. பல நாட்டு மாணவர்கள் அவரிடம் வந்து படித்து, ஊர் திரும்பி ஆய்வகம் அமைத்தார்கள். அவர் மாணவர் மூன்ஸ்டர்பெர்க் ஹார்வர்டுக்குப் போனார். அங்கே அவரிடம் படித்த என்.என். சென்குப்தா கல்கத்தாவுக்கு வந்தார். 1915இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் இந்தியாவின் முதல் உளவியல் ஆய்வகம் அமைந்தது.

டாண்டர்ஸ் அளந்ததுபோல எதிர்வினை நேரத்தை அளக்கும் செய்முறை இன்றும் மாணவர்களின் ரெக்கார்டு நோட்டில் உண்டு. அதற்கு 'சப்ஜெக்ட்' கிடைக்காமல் பிள்ளைகள் அலைவார்கள். உங்கள் ஊர்க் கல்லூரியில் யாராவது வந்து கேட்டால், மறுக்காமல் பத்து நிமிடம் போய் உட்காருங்கள்.